ரயிலோசையைப் பாட்டாக்கிய பொறியாளர்

சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒரு சிறு பூசலை நம் காலனிக் குடும்பத்தார் மறந்திருக்கமாட்டார்கள். வீணையும் மிருதங்கமும் முடிந்த பின்னர் இளைஞர் நால்வர் மேடையேறினர். ஒரு கீபோர்டும், தட்டினால் தவிலோசையும் தகரவோசையும் ஒருங்கே தரும் ரிதம் பேடு ஒன்றும் கொண்டு அரைமணி நேரம் வாசித்தனர். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "மின்சாரம் போனால் நின்றுவிடுவதும் ஒரு சங்கீதமா?" என்று கேட்டார். கேட்டு வாய்மூடு முன்னரே மின்சாரம் போயிற்று! அரங்கம் முழுவதும் நகைத்தது. பிள்ளைகளின் முகமோ வாடிற்று. அன்று விளக்கு வந்த பின்னும் அவர்கள் மேடைக்குத் திரும்பவில்லை.

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது அந்த முகங்களே எம் நினைவில் நின்றன. யாம் இசை பயின்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கூட்ஸ் ஆபீசில் ரயில்வே ரசீதும் டெமரேஜ் கணக்கும் எழுதியும் கணிப்பொறியில் ஏற்றியும் பிழைப்பவர். ஆயினும் ரயிலுக்கும் இசைக்கும் ஒருசேர உரியவரான ஒரு மனிதரின் வரலாற்றைச் சில ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் வருகின்றோம். அவர் பிரெஞ்சு நாட்டவர். பெயர் பியேர் ஷேஃபர். இன்று மின்னிசை என்று உலகம் வழங்கும் கலையின் தந்தையருள் ஒருவர்.

ஷேஃபர் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள நான்சி நகரில் பிறந்தார். தந்தையார் வயலின் வித்துவான்; தாயார் பாடகி. இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளையைப் பெற்றோர் இசைத் தொழிலுக்கு விடவில்லை. பொறியியல் படிக்கச் செய்தனர். நம் வீடுகளில் நடப்பதுதானே! பையன் கெட்டிக்காரன், பாரிசின் புகழ்வாய்ந்த எகோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பின்னர்த் தந்தி, தொலைபேசித் துறையில் பணி. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சிலகாலம் இருந்துவிட்டு 1936-இல் பாரிசு வானொலிக்கு மாறினார். ஆக, அவர் வானொலிக்குள் நுழைந்தது பாடகராகவோ புலவராகவோ அன்று. கம்பியும் கருவியும் பார்க்கும் சம்பளக்காரராகவே நுழைந்தார். பெற்றோர் அடைத்த கதவு வேறு வழியாகத் திறந்தது என்றே யாம் எண்ணுகின்றோம்.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சு ஜெர்மானியர் வசப்பட்டது. அந்த இருண்ட நாட்களில், 1942-இல், நாடக மேதை ஜாக் கொப்போவின் துணையோடு வானொலிக்குள் ஒரு சோதனைக் கூடத்தை ஷேஃபர் அமைத்தார். ஒலிவாங்கியின் முன் எவ்வாறு பேசுவது, ஓசையைக் கொண்டு எவ்வாறு கதை சொல்வது என்பன அங்கே ஆராயப்பட்டன. வெளிக்கு அது கலைக்கூடம். உள்ளுக்குள் பகைவரை எதிர்ப்போரின் புகலிடமாகவும் இருந்தது. 1944 ஆகஸ்டில் பாரிசு விடுதலை பெற்றபோது விடுதலைக் குரல் இக்கூடத்திலிருந்தே வானில் எழுந்தது. நேசப்படை நகரினுள் நுழைந்த 24-ஆம் நாள் இரவு, பாரிசின் தேவாலய மணிகள் அனைத்தையும் ஒலிக்கச் செய்யுமாறு வானொலி வழியே வேண்டினவர் ஷேஃபரே. மணியோசைக்கு மனிதர் கண்ணீர் விட்டதை அவர் அறிவார். இதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அவர் பின்னர் மணியை வைத்துக்கொண்டு செய்த ஒரு வேலையைச் சொல்லப் போகின்றோம்.

போர் முடிந்தது. 1948-ஆம் ஆண்டு இளவேனிலில் ஷேஃபருக்கு ஓர் ஆசை பிறந்தது: வாத்தியங்கள் இன்றி, உலகில் இயல்பாக எழும் ஓசைகளைக் கொண்டே ஓர் இசை அமைத்தால் என்ன? தம்புராவிலும் வயலினிலும் பிறக்கும் நாதத்திற்குத்தான் இசையாகும் உரிமை உண்டோ? மேளக்காரர் தட்டும் தோலோசைக்கும், கருமான் தட்டும் இரும்போசைக்கும் இடையே கோடு கிழித்தவர் யார்? இப்படியெல்லாம் எண்ணமிட்டு வானொலியின் ஓசைச் சேமிப்பறையிலிருந்து மணிகளையும், ஊதல்களையும், கிலுகிலுப்பைகளையும் கூடம் நிறையக் கொண்டுவந்து குவித்தார். பலநாள் பயனில்லை. கடைசியில் மே மாதத்தில் ஒலிப்பதிவு வண்டியொன்றை எடுத்துக்கொண்டு பாரிசிலுள்ள பாத்திஞோல் ரயில் நிலையத்திற்குப் புறப்பட்டார்.

அங்கே ஆறு நீராவி எஞ்சின்கள் நின்றிருந்தன. டிரைவர்களை அணுகி, ஒருவர் விசில் கொடுக்க மற்றவர் மறுமொழி சொல்வதுபோல் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டார். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு குரல் உண்டென்பதை ஷேஃபர் அன்று கண்டாராம். லோகோ ஷெட்டின் அருகே வளர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. எம் தந்தையார் தென்னாட்டு மீட்டர் பாதையில் பயர்மேனாக இருந்தவர். யாம் சிறுவனாக இருந்தபோது, இரவில் தொலைவில் ஊதும் விசிலைக் கேட்டே இன்ன எஞ்சின் வருகின்றது என்று எம் தாயார் சொல்லி அடுப்பைப் பற்றவைப்பார். பெரும் பள்ளியிற் படித்த பொறியாளர் 1948-இல் கண்டதை அம்மையார் அடுப்படியிலிருந்தே கண்டிருந்தார்!

விசிலோடு ஷேஃபர் நிற்கவில்லை. நீராவி பீறிடும் ஓசை, சக்கரங்கள் தண்டவாள இணைப்பைத் தாண்டும் ஓசை, ஷண்டிங்கின்போது பஃபரோடு பஃபர் மோதும் ஓசை ஆகியவற்றையும் பதிந்துகொண்டு திரும்பினார். இனிமேல்தான் வேலை.

அந்நாளில் அக்கூடத்தில் ஒலி நாடா கிடையாது. அரக்குப் பூச்சுள்ள தட்டில் ஊசியால் கீறியே ஒலியைப் பதிந்தனர். நாடாவானால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டலாம். தட்டை எங்ஙனம் வெட்டுவது? பல தட்டுகளைப் பல சுழல்மேசைகளில் ஒரே வேளையில் ஓடவிட்டு, ஒன்றைப் பெருக்கி ஒன்றைக் குறைத்து, அந்தக் கலவையைப் புதியதொரு தட்டிற் பதிந்தார். ஓரிடத்தில் கை பிசகினால் வேறு தட்டெடுத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். எம் அலுவலகத்தில் ஒரு காலத்தில் கார்பன் தாளில் ஐந்து படி எழுதியவர்களுக்கே இவ்வேதனை விளங்கும்.

இவ்வேலையின் நடுவே அவர் கைக்கு இரு புதையல்கள் கிடைத்தன. ஒன்று, மூடிய தடம். இசைத்தட்டின் தடம் சுருளாக வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வது. அத்தடத்தை ஒரு சுற்றிலேயே தன்னோடு தான் சேர்ந்துகொள்ளும்படி மூடிவிட்டால் ஊசி வெளியேற வழியின்றி அதே வட்டத்தில் ஓடும்; அதே ஓசை மீண்டும் மீண்டும் கேட்கும். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஆதலின் ஒரு சுற்று முக்கால் வினாடிக்குச் சற்றே மிகுதி. முக்கால் வினாடி ரயிலோசை திரும்பத் திரும்ப வந்தால் அது தாளமாகிவிடுகின்றது. பழைய தட்டுகள் கீறல் விழுந்து ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லுவதைக் கேட்டு நாமெல்லோரும் ஓடிப்போய் ஊசியைத் தூக்கி வைத்தோம். அவர் தூக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றொன்று, வெட்டிய மணி. மணியை அடித்தவுடன் எழும் 'டங்' என்ற தொடக்கத்தை நீக்கிவிட்டு, அதன்பின் நீளும் கார்வையை மட்டும் பதிந்தார். அது மணியாகவே ஒலிக்கவில்லை. ஊதுகுழலின் நெடிய நாதம்போல் ஒலித்தது. ஒரு வாத்தியத்தை இன்னதென்று நாம் அடையாளம் காண்பதில் அதன் முதற் கணத்திற்கு எத்துணைப் பங்குண்டு என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வாறு பிறந்தது ஏறக்குறைய மூன்றே நிமிடம் ஓடும் 'ரயில்வே அப்பியாசம்' என்னும் உருப்படி. அப்பியாசம் என்று யாம் தமிழாக்கிய பிரெஞ்சுச் சொல் 'எத்யூத்' என்பது. கைப்பழக்கத்திற்காக அமைக்கும் உருப்படியைக் குறிப்பது. சரளி வரிசையைப்போல் புதியதோர் இசைக்கு இது முதற்பாடம் என்று அடக்கமாகவே பெயரிட்டார் போலும். இதனோடு இன்னும் நான்கு அப்பியாசங்களும் அவ்வாண்டே அமைந்தன. ஒன்றில் சமையற் பாத்திரங்களின் ஓசையும் உண்டு. வேறிரண்டிற்குப் பியானோ ஓசைகளை வாசித்துக் கொடுத்த இளைஞர், பின்னாளில் பெரும்புகழ் எய்திய பியேர் பூலெஸ். ஐந்தும் 1948 அக்டோபர் 5-ஆம் நாள் 'இரைச்சல்களின் கச்சேரி' என்ற பெயரில் பாரிசு வானொலியில் ஒலிபரப்பாயின. கச்சேரி என்று சொல்லி இரைச்சலைக் கொடுப்பது எத்தகைய துணிவு! நம் முன்வரிசைப் பெரியவர் அன்று பாரிசில் இருந்திருப்பின் வானொலிப் பெட்டியின் கதி என்னவாகியிருக்குமோ!

ரயிலை இசையாக்கியவர் இவருக்கு முன் இல்லையோ என்று வினவலாம். உண்டு. 1923-இல் ஹோனெகர் என்பார் 'பசிபிக் 231' என்ற எஞ்சினின் பெயரால் ஒரு பெரும் வாத்தியக்குழு உருப்படி செய்தார். ஆனால் அதில் ஒலிப்பன வயலினும் எக்காளமும், எஞ்சின் இல்லை. பதிவு செய்த ஓசையை மாற்றியமைத்து உருப்படி செய்வதிலும் எகிப்து நாட்டு ஹாலிம் எல்-தாப் என்ற இளைஞர் 1944-இலேயே கெய்ரோவில் கம்பிப் பதிவுக் கருவியைக் கொண்டு முயன்றிருக்கின்றார். பாரிசில் நடந்தது பறையறையப்படுகின்றது; கெய்ரோவில் நடந்ததை அறிவார் சிலரே. இதுவும் உலக வழக்கம்.

தம் இசைக்கு ஷேஃபர் இட்ட பெயர் 'மியூசிக் கான்கிரெட்'. சிமெண்டு கான்கிரீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வழக்கமான இசை முதலில் மனத்திலும் தாளிலும் சுரமாக இருந்து, பின்னர்க் கருவியில் ஓசையாகின்றது. இவருடையதோ கைக்குக் கிட்டிய ஓசையிலிருந்து தொடங்கி உருப்படியை நோக்கிச் செல்வது. ஆதலின் 'பருப்பொருளிசை' எனலாம். இதற்கு மாறாக, 1951-இல் ஜெர்மனியின் கொலோன் வானொலியில் ஐமெர்ட் என்பாரின் தலைமையில் தோன்றிய கூடத்தில், மின்கருவி பிறப்பிக்கும் தூய ஓசைகளையே கொண்டு இசை அமைத்தனர். அதற்கே முதலில் மின்னிசை என்ற பெயர் நின்றது. இரு கூடத்தாரும் ஒருவரையொருவர் சிலகாலம் ஏசிக்கொண்டனர். வடகலை தென்கலைச் சண்டை எந்த நாட்டில் இல்லை? பிற்காலத்தில் இரண்டும் கலந்து ஒன்றாயின.

1949-இல் பியேர் ஆன்ரி என்ற இளைஞர், தாளவாத்தியம் பயின்றவர், ஷேஃபரோடு சேர்ந்தார். இருவரும் சேர்ந்து செய்த 'தனியொருவனுக்கான சிம்பொனி' 1950 மார்ச் 18-இல் பாரிசில் அரங்கேறியது. மனிதனின் மூச்சு, காலடி, கூவல் முதலியவற்றால் ஆனது அது. 1955-இல் மோரிஸ் பெஜார் இதற்கு நடனமும் அமைத்தார். 1951-இல் கூடத்திற்கு ஒலி நாடாக் கருவிகள் வந்தன. நாடாவின் வேகத்தைக் கட்டைகளால் மாற்றி ஓர் ஓசையையே பன்னிரு சுரத்தில் ஒலிக்கச் செய்யும் 'ஃபோனோஜீன்' என்னும் பொறியும் வந்தது. மெஸ்ஸியான், ஸ்டாக்ஹவுசன், வரேஸ், செனாகிஸ் எனப் பெரியோரும் இளைஞருமாகப் பலர் அங்கே வந்து கைபார்த்துச் சென்றனர். 1953-இல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் விழாவில் ஷேஃபரும் ஆன்ரியும் தந்த 'ஆர்ஃபியஸ்' பெருங்கூச்சலுக்கும் ஏச்சுக்கும் ஆளாயிற்று. பின்னர்ச் சில ஆண்டுகள் ஷேஃபர் ஆப்பிரிக்க நாடுகளில் வானொலி நிலையங்கள் அமைக்கும் பணியிற் சென்றுவிட்டார். திரும்பி வந்து 1960 முதல் பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார்.

அவருடைய இசையைக் காட்டிலும் எமக்கு வியப்பளிப்பது, செவியைப்பற்றி அவர் சொன்னதே. 1966-இல் 'இசைப் பொருள்கள் பற்றிய ஆய்வு' என ஏறத்தாழ எழுநூறு பக்க நூலொன்றை வெளியிட்டார். அதன் கருத்துகளுள் ஒன்று இது: ஓர் ஓசையைக் கேட்டவுடன், 'இது ரயில், இது மணி' என்று பிறப்பிடத்தை நோக்கி மனம் ஓடிவிடுகின்றது. அதனைத் தடுத்து, அந்த ஓசையின் கனம் என்ன, ஏற்றம் என்ன, மங்கல் என்ன என்று ஓசையையே கேட்கப் பழகவேண்டும். கிரேக்க ஞானி பித்தகோரஸ் திரைக்குப்பின் நின்று மாணாக்கர்க்குப் பாடம் சொன்னார் என்பதொரு பழங்கதை. முகம் தெரியாவிடின் சொல் நன்கு கேட்குமாம். ஒலிபெருக்கியே நம் காலத்துத் திரை என்றார் ஷேஃபர்.

இங்கே ரயில்வேக்காரராகிய எமக்கு அவரோடு ஒரு வழக்குண்டு. வண்டி நிற்கும்போது சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போகும் கேரேஜ் ஊழியரை மூத்தோர் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசலுற்றது மொத்தையாய் ஒலிக்கும். அவ்வூழியர் ஓசையின் பிறப்பிடத்தை மறந்துவிட்டு அதன் அழகில் ஆழ்வாராயின் நூற்றுக்கணக்கானோர் உயிர் என்னாவது? ஓசையைக் கேட்டுப் பொருளை அறிவதே எங்கள் பிழைப்பு. ஆயினும், கணீர் என்பதற்கும் மொத்தை என்பதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைச் செவி பிரித்தறியாமல் விரிசலை அறிவது எங்ஙனம் என்று ஷேஃபர் திருப்பிக் கேட்டால் எம்மிடம் விடையில்லை. முதலில் ஓசை, பிறகே சக்கரம். வழக்கு இன்னும் எம் மனத்தில் தீர்ப்பாகவில்லை.

நம் நாடும் இத்துறையில் பிந்தியிருக்கவில்லை. 1969-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞரின் துணையோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. மூக் சிந்தசைசர் என்னும் பொறி அங்கே வந்திறங்கியது. கீதா சாராபாய் முதலிய நம்மவர் அதில் இசை அமைத்தனர். அந்த நாடாக்கள் பல ஆண்டுகள் நூலகத்தில் உறங்கிக் கிடந்து, இந்நூற்றாண்டில்தான் வெளிச்சம் கண்டன. இன்று திரையிசைக் கூடங்களில் தாளத்துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு 'லூப்' என்று சொல்லுகின்றார்களே, நம் பிள்ளைகளின் ரிதம் பேடிலும் அது இருக்கின்றதே, அது ஷேஃபரின் மூடிய தடத்திற்குப் பேரன் முறை.

இனிச் சொல்லவேண்டியது துயரமானது. 1979-இல் ஷேஃபர், மேதை பாக்கின் உருப்படியொன்றைப் பியானோவில் ஒலிக்கவிட்டு இடையிடையே தம் பழைய ஓசைகளைப் புகுத்தி ஒரு சிறு உருப்படி செய்தார். அது விளையாட்டா, விடைபெறுதலா என்று எமக்குத் தெளிவாகவில்லை. 1986-இல் ஓர் ஆங்கில இசைஞரோடு உரையாடும்போது மனம் திறந்து சொல்லிவிட்டார்: ச ரி க என்னும் சுரவரிசைக்கு வெளியே இசை இயலாது, இதனைக் காண நாற்பது ஆண்டுகள் ஆயின, ஆதலின் தம் வாழ்நாள் வீணே கழிந்தது என்பது அவர் சொன்னதன் கருத்து. எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதன் தன் கணக்கைத் தானே கூட்டி, கீழே சுழி போட்டுவிட்டான்!

கணக்கெழுதும் தொழிலினரான யாம் இக்கூட்டலை ஒப்பமாட்டோம். மிருதங்கத்துத் தனி ஆவர்த்தனத்தில் ச ரி க எங்கே இருக்கின்றது? தவிற்காரர் தனியே வாசிக்கும்போது ஊரே நின்று கேட்கவில்லையா? ஷேஃபர் நம் பக்கத்துத் திருவிழா ஒன்றில் ஓர் இரவு நின்றிருந்தால் இச்சொல்லைச் சொல்லியிரார் என்பது எம் எண்ணம். உள்ளதையும் சொல்லிவிடுகின்றோம்: அவருடைய ரயில்வே அப்பியாசத்தை மூன்று நிமிடத்திற்கு மேல் எம்மாலும் கேட்க இயலாது, கேட்டபின் வாயில் முணுமுணுக்க ஏதும் மிஞ்சுவதில்லை. ஆனால் மறுநாள் யார்டில் வாகன்கள் மோதும் ஓசை வேறாகக் கேட்கின்றது. இருபது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்கின்றோம்.

நோயுற்று நினைவிழந்த நிலையில் ஷேஃபர் 1995 ஆகஸ்டு 19-ஆம் நாள் தென் பிரான்சில் காலமானார். அதே ஆண்டின் இறுதியில்தான் நம் நாட்டு அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் முடிவுற்றது.

இக்கட்டுரை எழுதத் தொடங்கியபின் ஒருநாள் மாலை அந்த உருப்படியைக் கைப்பேசியில் வைத்து எம் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினோம். ஓய்வுபெற்று எம்மோடு இருக்கின்றார். எஞ்சினின் அருகே கழிந்த காலத்தால் வலக்காது மந்தம். இடக்காதில் கருவியைச் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். என்ன, யார் என்று யாம் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கண் திறந்து, "ஒரு எஞ்சின் இல்லடா இது. அஞ்சாறு எஞ்சின ஒட்டுப்போட்டிருக்கான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நடுவுல வண்டி நகரவே இல்ல. ஒரே ஜாயிண்ட்டையே திரும்பத் திரும்பத் தாண்டுது" என்றார். பாத்திஞோலின் ஆறு எஞ்சின்களையும் மூடிய தடத்தையும் எந்நூலும் படியாமல் ஒரு செவியால் கண்டுபிடித்துவிட்டார். பிறகு, "அந்த மொத விசில மட்டும் இன்னொரு தரம் போடு" என்றார். போட்டோம். நான்கு முறை போட்டோம்.

இவ்வாண்டு விழாவில் இளைஞர் நால்வரும் மீண்டும் வாசிக்க இசைந்துள்ளார்கள். அவர்கள் மேடையேறுமுன் இந்த மூன்று நிமிட உருப்படியை ஒலிபரப்புவதென்று செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. வினா எழுப்பிய பெரியவருக்கு முன்வரிசை இருக்கை சென்ற ஆண்டு போலவே உண்டு. ஜெனரேட்டருக்கும் சொல்லியாயிற்று.